படித்துச் சொன்னது நான்தான்

மகனே,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. காலைப் பிடித்துக் கேட்கிறேன் என்று வைத்துக்கொள். உன் அப்பா எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரிடம் காட்டாதே. போட்டோ எடுத்து நண்பர்களுக்கு அனுப்பாதே. முக்கியமாக உன் செந்தில் மாமாவிடம் காட்டாதே. அவர் ஏன் ஒரு காலை இழுத்து நடக்கிறார் என்று சின்ன வயதில் நீ கேட்டிருப்பாய். கபடியில் விழுந்துவிட்டேன் என்று சொல்லிச் சிரித்திருப்பார். அது பொய். அந்தப் பொய்க்கு அடியில் இன்னொரு பொய் இருக்கிறது. அது என்னுடையது. அதை அவரிடம் சொல்ல எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. நீ இதைப் படிக்கும் நாளிலாவது வந்திருக்குமா என்று தெரியவில்லை.

நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது. பிளஸ் டூ ரிசல்ட் வந்துவிட்டது, டி.சி. வாங்கவில்லை, ஆகவே இன்னும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைதான். பிறக்காத பிள்ளைக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நீ சிரிக்கலாம். பிறந்தவர்களில் இதைச் சொல்வதற்கு எனக்கு ஒருவரும் இல்லை. நீ மகனாகத்தான் பிறப்பாய் என்பதும் தெரியாது. மகன் என்று எழுதினால் செந்தில் அண்ணனிடம் பேசுவது மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். நீ மகளாக இருந்தாலும் ஒரு வரியையும் மாற்ற மாட்டேன்.

இதை நீ படிக்கும்போது உனக்கும் என் வயதாகியிருக்கும். மேலே என்ன படிப்பது, எந்தக் காலேஜ், எந்த வேலை என்று ஆளுக்கு ஆள் உன்னைப் பிடித்து இழுத்துக்கொண்டிருப்பார்கள். இழுப்பவர்களில் நானும் ஒருத்தியாக இருக்கலாம். இந்தக் கடிதத்தை நீ காட்ட வேண்டிய ஒரே ஆள் அப்போது நான்தான். படிப்புக்காக நான் உன் மேல் கை ஓங்கினால், இதை எடுத்து என் முகத்துக்கு நேராக நீட்டு. என் கையெழுத்து எனக்குத் தெரியும்.

இயற்பியல் ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கங்களில்தான் எழுதுகிறேன். அப்பா மோட்டார் ரீவைண்டிங் செய்கிறவர். இலுப்பூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் கடை. தண்ணீர் மோட்டார் எரிந்துபோனால் பிரித்துப் புதிதாகச் செம்புக் கம்பிச் சுருள் கட்டிக் கொடுப்பார். கடையில் இடம் போதாமல் பழைய மோட்டார்களைக் கொண்டுவந்து அடுக்கிய அறையில்தான் எனக்குப் படுக்கை. எழுதி முடித்ததும் இந்தத் தாள்களை மூலையில் கிடக்கும் காலி மோட்டார் கூட்டுக்குள் திணித்துவிடுவேன். அதற்குள் கைவிட்டுப் பார்க்க யாருக்கும் தோன்றாது.

இப்போது அப்பா முன்கட்டில் டிவி பார்க்கிறார். கதவுக்கு அடியில் நீலமாக வெளிச்சம் தெரிகிறது. அவர் தூங்கியதும் அம்மா டிவியை அணைத்துவிடுவாள். வெளிச்சம் போனால் நான் ஒரு காரியம் செய்ய வேண்டும். அதற்குத்தான் காத்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருந்தால் தூக்கம் வராது.

என்ன காரியம் என்று சொல்கிறேன். இன்ஜினியரிங் கவுன்சிலிங்கில் எந்தக் காலேஜ், எந்தப் பாடம் என்று வரிசையாகப் போட்டு லாக் பண்ண வேண்டும். லாக் பண்ணிவிட்டால் யாராலும் மாற்ற முடியாது. நாளைச் சாயங்காலம் ஐந்து மணியோடு முடிகிறது. நாளைக் காலை பத்து மணிக்கு அப்பா என்னைக் கம்ப்யூட்டர் சென்டருக்குக் கூட்டிப் போய், வரிசை முழுக்கக் கம்ப்யூட்டர் சயின்ஸ் போட வைக்கப் போகிறார். எனக்கு எலெக்ட்ரிக்கல் வேண்டும். என் வரிசையைப் போட்டு வைத்துவிட்டேன். லாக் பண்ணுவதற்கான ஆறு எண்கள் போனில் வரும். அதைத் தட்டினால் முடிந்தது. இவ்வளவு சின்ன விஷயம். இதே சின்ன விஷயத்துக்குத்தான் இரண்டு வருடத்துக்கு முன்னால் இந்த வீட்டில் ஒரு முட்டி உடைந்தது.

செந்தில் அண்ணன் நன்றாகக் கபடி ஆடுவான். குளத்தூர்ப் பக்கம் ஒரு மேட்சில் ஐந்து பேர் சேர்ந்து அமுக்கியும் கோட்டைத் தொட்டவன். விளையாட்டு ஆசிரியர் ஆவதற்கான படிப்பில் சேர வேண்டும் என்பது அவன் ஆசை. அதற்குத் தனியாக விண்ணப்பம் போட்டிருந்தான், அப்பாவுக்குத் தெரியாமல். அப்பா இன்ஜினியரிங் என்று சொல்லிவிட்டார். அப்பா சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச்சு கிடையாது. பேசினால் பெல்ட். நீ நினைக்கும் பெல்ட் இல்லை, மோட்டாருக்கு மாட்டுகிற ரப்பர் பெல்ட். பட்ட இடம் முதலில் வெள்ளையாகும், அப்புறம்தான் சிவக்கும்.

ஆகவே அண்ணன் ஒரு தந்திரம் செய்தான். வரிசையில் ஒரே ஒரு காலேஜை மட்டும் போட்டான். அவன் கட்-ஆஃபுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காத பெரிய காலேஜ். லாக் பண்ணிவிட்டு, "கெடைக்கலப்பா, நான் என்ன செய்ய?" என்று கையை விரிக்கலாம் என்பது திட்டம். ஆனால் பதிந்து வைத்திருந்தது அப்பாவின் போன் நம்பர். இந்த ஊரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்த நாளிலிருந்து எல்லாத் தாளிலும் அப்பா நம்பர்தானே இருக்கும். அதனால் என்னைக் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டான். "நான் அந்தோணி அண்ணன் கம்ப்யூட்டர் சென்டர்ல இருப்பேன். அப்பா சாப்புட வாரப்ப போனச் சார்ஜ்ல போடுவாரு. ஒரு மெசேஜ் வரும். நம்பர எம் பிரண்டு போனுக்கு அனுப்பிட்டு அத அழிச்சிரு. சரியா? நீதாண்டி எங்கோயில் சாமி" என்றான். நான் பெரிய ஆள் மாதிரித் தலையாட்டினேன்.

மெசேஜ் வந்தது. நான் போனைக் கையில் எடுத்தேன். பின்னால் அப்பா. கை கழுவிவிட்டு வந்து நிற்கிறார், கையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"என்னாத்தா மெசேஜு?"

போனை எட்டிப் பார்த்தார்.

"இங்கிலீஷ்லயா வந்திருக்கு? படி பாப்போம். இங்கிலீஷ் மீடியம்ல படிக்கிறேல்ல?"

மகனே, அப்பாவுக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. விளம்பரம்ப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். போனை என் கையிலேயே விட்டுவிட்டுச் சோறு தின்னப் போயிருப்பார். நான் படித்தேன். பயத்தில் படித்தேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயம் பாதிதான். அப்பா என்னிடம் ஒன்றைக் கேட்கிறார், அது எனக்குத் தெரிகிறது, அவருக்குத் தெரியவில்லை என்ற பெருமை மீதிப் பாதி. அவர் ஆத்தா என்று கூப்பிட்ட குரலும் சேர்ந்துகொண்டது. ஒவ்வொரு வார்த்தையாக நிறுத்திப் படித்து அர்த்தமும் சொன்னேன்.

"அண்ணனோட கவுன்சிலிங்ப்பா. லாக் பண்றதுக்கு நம்பர் வந்திருக்கு. ஒன் சாய்ஸ்னு போட்டிருக்கு. ஒரே ஒரு காலேஜ்."

"ஒண்ணா? அந்தோணி முப்பது நாப்பது போடணும்னானே?"

"ஆமாப்பா. இது ஒண்ணு மட்டும் போட்டா கெடைக்காது. அண்ணன் கட்-ஆஃபுக்கு வரவே வராது."

அந்தக் கடைசி வரியை அவர் கேட்கவே இல்லை. நானாகச் சொன்னேன்.

அப்பா சோற்றைத் தொடவில்லை. என்னையும் ஏற்றிக்கொண்டு வண்டியை எடுத்தார். கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கும் அந்தோணி அண்ணன், "வாங்கண்ணே" என்று எழுந்தார். அப்பா அவரைத் தாண்டிப் போய் உட்கார்ந்திருந்த அண்ணனைத் தலைமுடியோடு பிடித்துத் தெருவுக்கு இழுத்து வந்தார். நாற்காலி கூடவே வந்து வாசற்படியில் மாட்டிக்கொண்டது. வண்டியில் எப்போதும் பெரிய ஸ்பேனர் ஒன்று இருக்கும். அதை எடுத்தார்.

"கபடி ஆடுற காலு எதுடா? இதா? சொல்றா, இதாடா?"

முதல் அடி வாயில் பட்டது, அண்ணன் குனிந்ததால். அடுத்த மூன்றும் வலது முட்டியில். மூன்றாவது அடியின் சத்தம் வேறு மாதிரி இருந்தது. மோட்டாரின் பேரிங்கைத் தட்டிக் கழற்றும்போது கடைசியில் ஒரு சத்தம் வரும், விடுபடுகிற சத்தம். அந்த மாதிரி. பஸ் ஸ்டாண்டில் நின்ற ஆட்களெல்லாம் பார்த்தார்கள். "பெத்தவன் அடிக்கிறான், படிக்கத்தானே" என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. அந்தோணி அண்ணன் ஒருவர்தான் ஓடிவந்து குறுக்கே விழுந்தார். அவருக்கும் தோளில் ஒன்று விழுந்தது.

அப்புறம் அப்பா அண்ணனைத் தூக்கி வந்து அதே நாற்காலியில் உட்கார வைத்தார். அவன் வாயிலிருந்து வழிந்தது மேசை விளிம்பில் சொட்டியது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்துச் சொன்னார், "ஆத்தா, நீ அடி."

டைப் அடிக்கச் சொன்னார். எனக்கு ஒரு நிமிடம் வேறு மாதிரி கேட்டது. வேறு மாதிரி கேட்டதும் தப்பில்லை. அவர் சொல்லச் சொல்ல நாற்பது காலேஜும் நான்தான் அடித்தேன். எல்லாம் கம்ப்யூட்டர் சயின்ஸ். பக்கத்தில் அண்ணன் முட்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்க்கவில்லை. புதிதாக ஆறு எண்கள் வந்தன. அதையும் நான்தான் தட்டினேன். லாக் என்ற பொத்தானில் இருந்தது என் விரல். நாங்கள் கிளம்பும்போது அந்தோணி அண்ணன் பழைய துணியால் கீபோர்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அப்பா எல்லாருக்கும் பரோட்டா வாங்கிவந்தார். அடித்த நாளெல்லாம் பரோட்டா வரும். அண்ணன் வாயால் மெல்ல முடியாது என்று அவனுக்கு மட்டும் சால்னாவில் ஊற வைத்து அவரே ஊட்டினார். ஊட்டும்போது அழுதார். "ஒன் நல்லதுக்குத்தாண்டா" என்றார். நானும் சாப்பிட்டேன். பசித்தது.

அண்ணன் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தபோது என்னைக் கேட்டான், "எப்புடிடி தெரிஞ்சுச்சு அவருக்கு?" நான் சொன்னேன், "அப்பாவே போனப் பாத்துட்டாரு. அந்தோணி அண்ணனுக்குப் போன் போட்டுக் கேட்டாரு. அவருதான் ஒரு காலேஜ்தான் போட்டிருக்கான்னு சொல்லிட்டாரு." யோசிக்காமல் வந்தது அந்தப் பொய். தண்ணீர் குடிப்பதுபோல வந்தது.

ஹாஸ்டலுக்குக் கிளம்புவதற்கு முதல்நாள் அண்ணன் நொண்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனான். அந்தோணி அண்ணன் டீ குடித்துக்கொண்டிருந்தார். "வா தம்பி, காலு எப்புடி இருக்கு?" என்று கேட்டிருக்கிறார். அண்ணன் அவர் கையிலிருந்த கண்ணாடிக் கிளாஸோடு சேர்த்து வாயில் குத்தினான். முன்பல் ஒன்று பாதியாக உடைந்தது, உதட்டில் நான்கு தையல். அவர் யாரிடமும் புகார் கொடுக்கவில்லை. "சின்னப் பய, வலியில இருக்கான்" என்று சொன்னாராம். இப்போதும் சிரித்தால் அந்தப் பாதிப் பல் தெரியும். என் வாயிலிருந்து வந்த பொய் அவர் வாயில் உட்கார்ந்திருக்கிறது. அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

அண்ணன் மூன்று செமஸ்டர் தாங்கினான். பாதிக்கு மேல் பேப்பர் போனது. அப்புறம் ஒருநாள் காலேஜிலிருந்து நேராகத் திருப்பூருக்குப் போய்விட்டான். பனியன் கம்பெனியில் உட்கார்ந்து செய்கிற வேலையாகப் பார்த்துச் சேர்ந்திருக்கிறான். வீட்டுக்கு வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பட்டன் போனுக்குக் கூப்பிடுவான். என்னிடம் கொடுத்தால், "நல்லாப் படிடி" என்பான். எனக்கு அந்த இரண்டு வார்த்தை போதும், அன்று முழுக்கச் சாப்பிட முடியாது.

மகனே, இதையெல்லாம் வைத்துத்தான் உனக்குச் சிலது சொல்ல வேண்டும். முதலில், எந்தத் தாளிலும் உன் நம்பரைப் போடு. என் நம்பரைப் போடாதே, நான் கேட்டாலும் போடாதே. உன் பெயரில் வருகிற எண்கள் உன் கைக்குத்தான் வர வேண்டும். அப்புறம், ஒன்றே ஒன்றைப் போட்டுவிட்டு அதிர்ஷ்டத்தை நம்பாதே. அண்ணன் செய்தது அவனைப் பொறுத்தவரை நியாயம்தான், ஆனால் கூட கிடைக்காத காலேஜாகவே இன்னும் பத்து போட்டிருந்தால் நான் வாசித்த மெசேஜில் 'ஒன்' என்ற சொல்லே இருந்திருக்காது. உனக்கு உண்மையாக வேண்டியதை மேலே போடு. கிடைக்குமா என்று பார்த்து வரிசையைக் கீழே இறக்காதே. கிடைக்கக்கூடியது அதற்கு அடுத்து, கட்டாயம் கிடைக்கும் என்பது கடைசியில். இதையே இரண்டு வருடமாக எனக்குள் மனப்பாடம் செய்துகொண்டிருக்கிறேன்.

ஒரு படிப்பைப் பற்றிக் கேட்க வேண்டுமென்றால் மாமா சித்தப்பாக்களிடம் கேட்காதே. அதைப் படிக்கிறவர்களிடம் கேள், அதிலும் முதல் வருடம் படிக்கிறவர்களிடம் கேட்காதே, அவர்கள் இன்னும் புதுச் சட்டை மயக்கத்தில் இருப்பார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு நான்கு வருடம் மூத்த அக்கா ஒருத்தி திருச்சியில் எலெக்ட்ரிக்கல் படிக்கிறாள். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்து, "போன செவ்வாக்கெழம காலையிலேருந்து சாயந்தரம் வரைக்கும் என்னக்கா செஞ்சீங்க?" என்று கேட்டேன். அவள் சிரித்துவிட்டு, லேபில் மோட்டார் ஒன்றைப் பிரித்து அளந்தது, பாதியில் ஃபியூஸ் போனது, வகுப்பில் ஐம்பது பேரில் பெண்கள் எட்டுப் பேர், சாயங்காலம் கணக்கு டெஸ்டில் அழுதது எல்லாம் சொன்னாள். அந்த ஃபியூஸ் போன இடத்தில் எனக்கு முடிவாகிவிட்டது. உனக்கும் அப்படி ஒரு செவ்வாய்க்கிழமை கிடைக்கும். அதில் அழுகிற பாகம் கேட்ட பிறகும் போக வேண்டும் என்று தோன்றினால், அதுதான் உன்னுடையது.

டிவி இன்னும் ஓடுகிறது. அப்பா இருமினார். கொஞ்ச நேரம் பேனாவைக் கீழே வைத்துவிட்டேன்.

உன் தாத்தாவைப் பற்றித் தப்பாக மட்டும் எழுதினால் அதுவும் ஒரு பொய்தான். அவருக்குத் தம்பி ஒருவர் இருந்தார். இரண்டு பேரும் சேர்ந்துதான் கடை வைத்தார்கள். குடுமியான்மலை போகிற வழியில் ஒரு கிணற்று மோட்டாரைப் பார்க்கப் போனபோது ஈரத்தில் நின்று வயரைத் தொட்ட சித்தப்பாவைக் கரண்டு பிடித்துக்கொண்டது. அப்பா மெயின் ஸ்விட்ச் இருக்கும் கொட்டகைக்கு ஓடிப்போய்த் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது. அப்போது நான் கைக்குழந்தை. "கரண்டுங்கிறது நாய் மாதிரி இல்ல, சோறு போட்டவன்னு பாக்காது" என்று அப்பா சொல்வார். பிள்ளைகள் ஏசி ரூமில் உட்கார்ந்து கம்ப்யூட்டரைத் தட்ட வேண்டும், வயர் பக்கமே வரக்கூடாது என்ற எண்ணம் அங்கிருந்து வந்ததுதான். எனக்கு அது புரிகிறது. அவருக்குப் பயம் வந்தால் வார்த்தை வராது, கை வரும். புரிந்துகொண்டதால் வலி குறையவில்லை என்பதையும் உனக்குச் சொல்லிவிட வேண்டும். யாராவது உன்னை அடித்துவிட்டுத் தன் கதையைச் சொன்னால் கேட்டுக்கொள், பரிதாபப்படு, ஆனால் அதற்காக அடியைச் சரி என்று ஒத்துக்கொள்ளாதே. பரோட்டாவைத் தின்றுவிட்டு மறந்துவிடாதே.

போன வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது நான் எலெக்ட்ரிக்கல் என்று வாய்விட்டுச் சொன்னேன். சொல்லிப் பார்ப்போம் என்று தோன்றியது. அண்ணன் சொல்லாமல் செய்ததால்தானே அப்படி ஆனது, நான் சொல்லிவிட்டே செய்கிறேன் என்று.

அப்பா தட்டைத் தள்ளி வைத்தார். "திருப்பிச் சொல்லு" என்றார்.

"எலெக்ட்ரிக்கல்ப்பா. பொம்பளப் புள்ளைங்க படிக்கிறாங்கப்பா."

என் மணிக்கட்டைப் பிடித்து இந்த அறைக்குத்தான் இழுத்து வந்தார். சுவரில் மோட்டார் டெஸ்ட் பண்ணுகிற போர்டு இருக்கிறது. அதிலிருந்து இரண்டு வயர் தோலுரித்துத் தொங்கும். ஸ்விட்சைப் போட்டார். டெஸ்ட் பல்பு எரிந்தது.

"இதானே வேணும் ஒனக்கு? தொடு. தொட்டுப் பாரு. ஒஞ்சித்தப்பன் தொட்டான்ல?"

என் விரல்களைப் பிரித்து வயர் பக்கம் கொண்டுபோனார். அவர் கை என் கையைவிட அதிகமாக நடுங்கியது. அதுதான் எனக்கு இன்னும் பயம். தெரியாமல்கூடப் பட்டுவிடும் போல நடுங்கியது. நான் கத்தினேனா என்று ஞாபகம் இல்லை. வயர் நகத்துக்கு அருகில் வந்தபோது வீடே இருட்டானது.

அம்மா மெயினை இறக்கியிருந்தாள்.

இருட்டில் அப்பா என் கையை விட்டார். விட்டுவிட்டு முன்கட்டுக்குப் போனார். "எவடி மெயின எறக்குனது?" என்று கேட்டது. அதற்குப் பிறகு சத்தம் மட்டும்தான். பெல்ட் காற்றில் வருகிற சத்தம், படுகிற சத்தம், பாத்திரம் உருளுகிற சத்தம். அம்மா ஒருமுறைகூட அழவில்லை. "போடுங்க, நல்லாப் போடுங்க, மெயின மட்டும் நான் போட மாட்டேன்" என்று அவள் சொன்னது மட்டும் தெளிவாகக் கேட்டது. என் பதினேழு வருடத்தில் அவள் அவரை எதிர்த்துப் பேசி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. விடியும்வரை வீட்டில் கரண்டு இல்லை. மறுநாள் அவள் முதுகுக்கு நான் எண்ணெய் தடவும்போது மெதுவாகக் கேட்டாள், "அந்த நம்பரு எம் போன்ல வாரமாரி போட முடியுமா?"

முடியும் என்றேன். அந்தோணி அண்ணனிடம் போய் நின்றேன். அவர் என்னையும் பார்த்தார், என் மணிக்கட்டையும் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் நம்பரை மாற்றிக் கொடுத்தார். "பாத்துச் செய்யி தங்கச்சி. வீட்ல ஒங்கண்ணன் போன்ல போட்டுக்க, இங்கிட்டு வராத. அவரு கேட்டா எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று அந்தப் பாதிப் பல்லோடு சிரித்தார். அங்கேயே சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "தேங்ஸ்ண்ணே" என்றுதான் வந்தது.

இன்னொன்றும் ஒப்புக்கொள்ள வேண்டும். பக்கத்து வீட்டு நிவேதாவுக்கு எட்டு வயது. என்னிடம் வாய்ப்பாடு படிக்க வருவாள். போன மாதம் ஏழாம் வாய்ப்பாட்டில் ஒரே இடத்தில் நான்கு தடவை தப்புச் செய்தாள். ஸ்கேலைத் திருப்பி விளிம்பால் விரல் கணுவில் அடித்தேன். அவள் கையை இழுத்துக்கொண்டாள். "நீட்டு" என்றேன். நீட்டினாள், திரும்பவும் அடித்தேன். அவள் அழுததும், "ஒன் நல்லதுக்குத்தாண்டி" என்று சொன்னேன். யார் பேசியது என்று திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அறையில் வேறு யாரும் இல்லை. அடுத்த நாள் அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். அவள் வாங்கிக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் மகனே, உனக்கு இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

வெளிச்சம் போய்விட்டது.

அம்மா டிவியை அணைத்துவிட்டாள். அப்பாவின் குறட்டை கேட்கிறது. அண்ணன் ஹாஸ்டலிலிருந்து ஒரு லீவுக்கு வந்தபோது எனக்கு விட்டுப்போன சிம் இல்லாத போனில், நிவேதா வீட்டு வைஃபையைப் பிடித்துப் பக்கத்தைத் திறந்துவிட்டேன். முப்பத்திரண்டு காலேஜ். முதல் பதினைந்தும் எலெக்ட்ரிக்கல். நம்பர் அனுப்பச் சொல்லி அழுத்திவிட்டேன். அம்மாவின் போனுக்கு இப்போது வந்திருக்கும். அவள் ஐந்தாவது வரை படித்தவள். ஆறு எண்களையும் தாளில் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுவதாகச் சொல்லியிருக்கிறாள். கதவைத் தட்டக்கூடாது, பேசக்கூடாது. அவள் வளையலைக் கழற்றி வைத்துவிட்டாள், சாயங்காலமே பார்த்தேன்.

வந்துவிட்டது. காலண்டர் தாள். ஏழுக்குக் குறுக்கே ஒரு கோடு போட்டு எழுதியிருக்கிறாள், ஒன்று என்று நான் நினைத்துவிடக்கூடாது என்பதற்காக.

அடித்துவிட்டேன்.

லாக் ஆகிவிட்டது. மகனே, லாக் ஆகிவிட்டது. இந்தத் தடவை என் விரல் எனக்காக அழுத்தியது. நாளைக்கு என்ன ஆனாலும் இதை யாரும் மாற்ற முடியாது. ஞாயிற்றுக்கிழமை அண்ணன் கூப்பிடும்போது அவனிடம் சொல்லிவிடப் போகிறேன். எலெக்ட்ரிக்கல் போட்டதைச் சொல்லிவிட்டு அதே மூச்சில் மற்றதையும். அன்றைக்கு அப்பாவிடம் படித்துச் சொன்னது நான்தான், அந்தோணி அண்ணன் இல்லை என்று. அவன் போனை வைத்துவிட்டால் வைத்துவிடட்டும். அப்புறம் அந்தோணி அண்ணனிடமும்

ஒரு சத்தம் கேட்டது.

அப்பாவின் போன். அவருக்கு மெசேஜ் வந்தால் கோழி கூவுகிற சத்தம் வரும். இந்த நேரத்தில் யார் அனுப்புவார்கள்?

பெற்றோர் நம்பர். லாக் ஆனால் அதற்கும் மெசேஜ் போகும் போல. விண்ணப்பத்தில் கீழே இன்னொரு கட்டம் இருந்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது நானே என் வாயால் அப்பா நம்பரைச் சொன்னேன். மேலே இருந்ததை மட்டும்தான் மாற்றினோம்.

குறட்டை நின்றுவிட்டது. கட்டில் சத்தம். அம்மா, "ஒண்ணுமில்லங்க, தூங்குங்க" என்கிறாள். காலடி இந்தப் பக்கம் வருகிறது.

கதவைத் தட்டுகிறார்.

"ஆத்தா, முழிச்சிருக்கியா? போன்ல என்னமோ இங்கிலீஷ்ல வந்திருக்கு. தெறந்து என்னான்னு படிச்சுச் சொல்லு."

திரும்பவும் தட்டுகிறார். மகனே, நான்